தயிர் சாதத்துக்குக் கீழே ஐந்து பவுன்

என்னிடம் இருந்த நகைகளில் வெளியே சொல்லிக்கொள்ளும்படியானது ஒன்றே ஒன்றுதான். மயில் பதக்கம் வைத்த ஓர் ஆரம், ஐந்து பவுன். திண்டிவனத்தில் கணக்கு டீச்சராக இருந்துகொண்டு, மாதாமாதம் நகைச் சீட்டு கட்டி, என் சொந்தச் சம்பளத்தில் வாங்கியது. ஆனால் அதை என் கழுத்தில் பார்த்தவர்களைவிட என் நாத்தனார் கழுத்தில் பார்த்தவர்கள்தான் அதிகம்.

நாத்தனார் என்றால் என் கணவரின் ஒரே தங்கை. நான் கல்யாணமாகி அந்த வீட்டுக்குப் போனபோது ஏழாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள். பின்னத்தைப் பார்த்தாலே அழுவாள். மாமனார், மாமியார் இருவரும் அடுத்தடுத்துக் காலமாகிவிட்டதால் அவளுடைய கல்யாணத்தை நானும் என் கணவருமாகச் செய்துவைத்தோம். மாப்பிள்ளை வீடு விழுப்புரம். நல்ல மனிதர்கள், எதுவும் கேட்கவில்லை. கேட்காததால்தான் எங்களுக்கு ரோஷம் வந்துவிட்டது. முகூர்த்தத்தன்று என் ஆரத்தை எடுத்து அவள் கழுத்தில் போட்டேன். கேட்டால் சொல்லிக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் யாரும் கேட்கவே இல்லை. அவளுடைய மாமியார், வருகிற சொந்தக்காரர்களிடமெல்லாம், "மருமவ போட்டுக்கினு வந்தது, பதக்கத்தப் பாருங்க" என்று தூக்கித் தூக்கிக் காட்டினார். அந்த நேரத்தில் குறுக்கே போய், "அது என்னோடதுங்க" என்று யாரால் சொல்ல முடியும்?

மறுநாள் மறுவீட்டுக்கு வந்தவள் ஆரத்தைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போனாள். ஊருக்குத் திரும்பியதும் மாமியார், ஆரம் எங்கே என்று கேட்டிருக்கிறார். இவள் கொஞ்சமும் யோசிக்காமல், "பேங்க் லாக்கர்ல வச்சிருக்கேன் அத்தை" என்று சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து என் வீட்டுப் பீரோ அவளுடைய லாக்கர் ஆனது.

மாப்பிள்ளை வீட்டில் வளைகாப்பு, காதுகுத்து, கிரகப்பிரவேசம் என்று எது வந்தாலும் எனக்குப் போன் வரும். "அண்ணி, வியாழக்கிழமை ஃபங்ஷன். லாக்கர் தொறக்குமா?"

"லாக்கருக்கு அன்னைக்கு ஆறாம் வகுப்பு பரீட்சை இருக்குது."

"அப்போ புதன்கிழம சாயங்காலம் எடுத்துக்கினு வந்துடுங்க அண்ணி. பஸ் ஸ்டாண்டுக்கு நான் வர்றேன்."

பள்ளிக்கூடம் விட்டதும் விழுப்புரம் பஸ் ஏறுவேன். ஆரத்தைக் கழுத்தில் போட்டுக்கொண்டு போக பயம். கைப்பையில் வைக்க இன்னும் பயம். துணியில் சுற்றி ஒரு சின்ன டப்பாவில் போட்டு, சாப்பாட்டுப் பையில் தயிர் சாத டப்பாவுக்குக் கீழே வைத்துக்கொள்வேன். எந்தத் திருடனும் மத்தியானத்துத் தயிர் சாதத்தைச் சாயங்காலம் ஐந்து மணிக்குத் திறந்து பார்க்க மாட்டான் என்பது என் கணக்கு. விழுப்புரம் பேருந்து நிலையத்தில் அவள் வேறொரு சாப்பாட்டுப் பையோடு நிற்பாள். பையை மாற்றிக்கொள்வோம், ஒரு டீ குடிப்போம், நான் அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுவேன். நாங்கள் இருவரும் எதையோ கடத்துகிறோம் என்று டீக்கடைக்காரர் நினைத்திருந்தால் அவர்மேல் தப்பில்லை.

ஒருநாள் விக்கிரவாண்டி சுங்கச்சாவடிக்கு முன்னால் டிரைவர் திடீரென்று பிரேக் போட்டார். என் மடியில் இருந்த பை குதித்து, சீட்டுகளுக்கு நடுவே உருண்டு, முன்சீட்டு வரைக்கும் போய்விட்டது. நாற்பது வயது கணக்கு டீச்சர் பஸ்ஸுக்குள் நான்கு காலில் தவழ்ந்து போனதை அன்று ஒரு பஸ்ஸே பார்த்தது. "தயிர் சோத்துக்கா இந்தப் பாடு?" என்று கண்டக்டர் கேட்டார். பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, அதற்கு மேல் ஒரு நாள்கூட இப்படி வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு போவதில்லை என்று முடிவு செய்தேன்.

எங்கள் பள்ளியில் ஓவிய ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் இன்சூரன்ஸ் ஏஜெண்டாக மாறியிருந்தார். வாரத்துக்கு ஒருமுறை ஆசிரியர் அறைக்கு வந்து எல்லோருடைய ஆயுளையும் விசாரித்துவிட்டுப் போவார். அவரிடம் என் ஆரத்தைப் பற்றிக் கேட்டதும் மனிதருக்கு ஒரே சந்தோஷம்.

"வீட்டு பாலிசியோட சேத்து எடுத்துக்கலாம் டீச்சர். ஆனா பீரோவுல இருக்கறதுக்கு ஒண்ணு, வெளிய போட்டுக்கினு போறதுக்குத் தனியா ஒரு கவர். வெளிய போற கவர்தான் உங்களுக்கு வேணும். பஸ்ல, கல்யாண மண்டபத்துல, எங்க போனாலும் கவர் ஆவும்."

நகைக்கடை பில், எடை போட்டு அவர்கள் எழுதிக் கொடுத்த சான்று, ஆரத்தை மேசைமேல் வைத்துப் பக்கத்தில் ஸ்கேலும் வைத்து எடுத்த போட்டோ என்று எல்லாவற்றையும் கொடுத்தேன். படிவத்தை அவரே நிரப்பினார். ஓவியக் கையெழுத்து, பார்க்க அழகாக இருந்தது. பாதியில் நிமிர்ந்து, "இத யாரு போடுவாங்க டீச்சர்?" என்று கேட்டார்.

ஆசிரியர் அறையில் அப்போது ஆறு பேர் இருந்தார்கள். அதில் தமிழ் டீச்சருக்குப் பிறந்த வீடு விழுப்புரத்தில், நாத்தனார் வாழ்க்கைப்பட்ட அதே தெரு. நான் உண்மையைச் சொன்னால் அது எனக்கு முன்னாலேயே பஸ் ஏறிவிடும்.

"நான்தான் சார். வேற யாரு போடுவா?" என்றேன்.

வாழ்க்கையில் எத்தனையோ பேருடைய விடைத்தாளில் தப்பான விடையைச் சுழித்திருக்கிறேன். என் தப்பு விடை அழகான கையெழுத்தில் என் கண்முன்னால் ஏறியது, பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இன்னும் கேவலம் என்னவென்றால், பாலிசி வந்ததும் அந்தப் பொடி எழுத்தையெல்லாம் உட்கார்ந்து படித்தேன். பாலிசிதாரரும் அவருடன் வசிக்கும் குடும்பத்தினரும் அணிந்திருக்கும்போது மட்டும் என்ற வரி அதில் இருந்தது. படித்தேன், புரிந்தது, மடித்துப் பீரோவில் வைத்தேன். நாத்தனார் விழுப்புரத்தில் வசித்தாலும் என் குடும்பம்தானே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

பாலிசி எடுத்த பிறகு எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தைரியம் வந்துவிட்டது. என் கணவர், "அதான் இன்சூரன்ஸ் இருக்குதே" என்று சொல்லிவிட்டுச் செய்தித்தாளைப் பிரித்துக்கொள்வார். நாத்தனாரோ விழா முடிந்த மறுநாளே திருப்பித் தந்துகொண்டிருந்தவள், ஒரு வாரம் பத்து நாள் வைத்துக்கொள்ள ஆரம்பித்தாள். பாதுகாப்பு வந்ததும் ஜாக்கிரதை போய்விட்டது. எனக்கும்தான். தயிர் சாதத்துக்குக் கீழே இருந்த டப்பா மெல்ல மேலே ஏறிவந்துவிட்டது.

ஆரம் தொலைந்தது கண்டாச்சிபுரத்தில் நடந்த ஒரு காதுகுத்தில். மாப்பிள்ளையின் தாய்மாமன் வீட்டு விழா. எங்களுக்கும் பத்திரிகை வைத்திருந்தார்கள், நானும் கணவரும் போயிருந்தோம். நாத்தனார் பட்டுப்புடவையும் ஆரமுமாக மண்டபம் முழுக்கச் சுற்றிக்கொண்டிருந்தாள். குழந்தையைத் தூக்கினாள், போட்டோவுக்கு நின்றாள், பந்தியில் பரிமாறினாள். சாப்பிட்டுவிட்டு நான் கை கழுவிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்றாள். கழுத்தைப் பார்த்தேன். தாலிக்கொடி மட்டும்தான் இருந்தது.

ஒரு நிமிடத்தில் மண்டபமே கூடிவிட்டது. நாத்தனார் தரையில் உட்கார்ந்து கதறினாள். நான்கு பெண்கள் அவளைப் பிடித்துக்கொண்டார்கள், ஒருத்தி தண்ணீர் தெளித்தாள், ஒருத்தி விசிறினாள். என்னிடம் வந்து, "பாவம், நீங்க ஆறுதல் சொல்லுங்க டீச்சர்" என்றார்கள். நானும் குனிந்து அவள் முதுகைத் தடவிக்கொண்டே, "போனா போவுது, அழாத" என்றேன். நகை என்னுடையது, ஆனால் அழுகிற உரிமை அவளுக்கு மட்டும்தான். அன்று எனக்கு வந்த கோபம் இன்னாரிடம் என்றில்லை. ஆரத்தின்மேல் கோபம், அதன் கொக்கியின்மேல் கோபம், விசிறிக்கொண்டிருந்த அந்தப் பெண்மேல்கூடக் கோபம்.

நாத்தனாரின் மாமியார் மட்டும் அழவில்லை. புடவையை இழுத்துச் சொருகிக்கொண்டு மண்டபத்துக்குப் பின்னால் போனார். சாப்பிட்ட இலைகளைக் கொட்டி வைத்திருந்த குவியல் முன்னால் உட்கார்ந்து ஒவ்வோர் இலையாக விரித்துப் பார்க்க ஆரம்பித்தார். இருநூறு பேர் சாப்பிட்ட எச்சில் இலை. சாம்பாரும் பாயசமும் முழங்கை வரை வழிந்தது. "நீங்க எழுந்திருங்க, ஆளுங்கள வச்சி பாத்துக்கலாம்" என்று நான் சொன்னேன். "எங்க மருமவ நகை டீச்சரம்மா. அவ எங்க வீட்டுக்குக் கொண்டாந்த பொருளு. நாந்தான் பாக்கணும்" என்றார், தலையைத் தூக்காமலே. எனக்கு அந்த இடத்திலேயே பூமிக்குள் போய்விடலாம்போல் இருந்தது. நானும் உட்கார்ந்து இலையை விரித்தேன். கடைசி இலை வரைக்கும் பார்த்தோம். கிடைக்கவில்லை. இன்றுவரை கிடைக்கவில்லை.

கையைக் கழுவிக்கொண்டு ஏஜெண்டுக்குப் போன் செய்தேன். அவர் பதறாமல் பேசினார். "பேஜார் பண்ணிக்காதீங்க டீச்சர், அதுக்குத்தான பாலிசி. ஜல்தியா போலீஸ்ல ஒரு புகார் குடுத்துட்டு ரசீது வாங்கிடுங்க. பில் காப்பி உங்க போன்லயே இருக்கும். நீங்கதான போட்டுக்கினு இருந்தீங்க?"

பக்கத்தில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்த என் கணவர், "ஆமான்னு சொல்லேன்" என்று கிசுகிசுத்தார். அவர் கெட்டவர் இல்லை, பயந்தவர். நான் போனை வைத்துவிட்டு அவரை ஒரு பார்வை பார்த்தேன். இருநூறு பேர் பார்த்திருக்கிறார்கள், வீடியோக்காரர் வேறு காலையிலிருந்து அந்தப் பதக்கத்தைத்தான் கிட்டப் போய்க் கிட்டப் போய் எடுத்திருக்கிறார். இது ஒரு பக்கம். பொய் சொல்லாமல், "என் நகைதான், அவள் போட்டிருந்தாள்" என்று புகார் கொடுத்தால், நான்கு வருஷமாக மாமியாரிடம் அவள் சொன்ன லாக்கர் கதை அத்தனையும் ஒரே நிமிடத்தில் உடையும். அதற்குப் பிறகு அந்த வீட்டில் அவள் எந்த முகத்தோடு சோறு சாப்பிடுவாள்? ஆரம் போனது எனக்குத் தாங்க முடியாத வருத்தம்தான். ஆனால் அவள் மானமும் சேர்ந்து போகக் கூடாது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் புகார் கொடுத்தே ஆகவேண்டும் என்று அவளுடைய மாமியார் பிடிவாதமாக நின்றதால் காவல் நிலையத்துக்கு நான்கு பேர் போனோம். நான், கணவர், நாத்தனார், அவளுடைய மாமியார். எழுதிக்கொள்ள உட்கார்ந்திருந்த பெண் காவலர், "யாரோட நகைங்க?" என்று கேட்டார்.

"எங்க மருமவளோடது" என்றார் மாமியார். அவர் புடவையில் இன்னும் சாம்பார் வாசனை.

"பில் இருக்குதா?"

"லாக்கர்ல இருக்கும். பில்ல எங்க வச்சிருக்க?" என்று மாமியார் இவளைப் பார்த்துத் திரும்பினார். பில் என் கைப்பையில், என் போனில், என் பெயரில் இருந்தது. நாத்தனார் என்னைப் பார்த்தாள். பின்னக் கணக்கு வராதபோது பார்ப்பாளே, அதே பார்வை.

நான் எழுந்துவிட்டேன். "பில்லத் தேடணும் மேடம். இன்னைக்கு வேணாம். கெடைச்சா இன்னொரு நாள் வர்றோம்" என்றேன். அப்படியே வாசல் பக்கம் நடந்தேன். புகாரும் வேண்டாம், இன்சூரன்ஸும் வேண்டாம், ஐந்து பவுனும் போகட்டும் என்று மனசுக்குள் தலை முழுகிவிட்டேன்.

"அது எங்க அண்ணியோடது மேடம்" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. திரும்பினேன். நாத்தனார் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "ஃபங்ஷனுக்குப் போட்டுக்க வாங்கிக்கினு வந்தேன். கல்யாணத்தன்னைக்குப் போட்டதும் அவங்களோடதுதான். எனக்கு லாக்கரே கெடையாது. பில்லு அண்ணி போன்ல இருக்குது. அவங்க பேர்ல எழுதிக்கங்க."

மாமியார் அவளையே பார்த்தார். பிறகு தன் கைகளைப் பார்த்தார். விரலிடுக்கில் ஒரு சோற்றுப் பருக்கை ஒட்டியிருந்தது, அதைச் சுரண்டிக்கொண்டே வெளியே போய் வேப்பமரத்தடியில் நின்றார். நாங்கள் எழுதிக் கொடுத்துவிட்டு வந்ததும், "போலாம்" என்று மகனுக்குப் போன் செய்து ஆட்டோ வரவழைத்தார். மருமகளோடு ஒரே ஆட்டோவில்தான் போனார், ஆனால் பக்கத்தில் அவள் உட்கார்ந்திருப்பதாகவே காட்டிக்கொள்ளவில்லை. திண்டிவனம் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் எனக்கு அழுகை வந்தது. கூட்டேரிப்பட்டு தாண்டும் வரை அழுதேன். ஆரத்துக்காகக் கொஞ்சம், அவளுக்காக மிச்சம்.

நஷ்டஈட்டுப் படிவத்தில், தொலைந்தபோது அணிந்திருந்தவர் யார், உங்களுக்கு என்ன உறவு என்று ஒரு கேள்வி இருந்தது. கணவரின் தங்கை, திருமணமாகி விழுப்புரத்தில் வசிக்கிறார் என்று எழுதினேன். ஏஜெண்ட் அதைப் படித்துவிட்டுப் பேனாவை மூடினார்.

"டீச்சர், இத அன்னைக்கே சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருந்தா கவர் ஆயிருக்குமா?"

"ஆயிருக்காது. ஆனா பிரீமியமாவது உங்களுக்கு மிச்சம் ஆயிருக்கும்" என்றார். அந்த நிலைமையிலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

ஒரு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. அணிந்திருந்தவர் பாலிசிதாரருடன் வசிக்கும் குடும்ப உறுப்பினர் அல்லர், ஆகவே தொகை வழங்க இயலாது. ஒரே வாக்கியம், இலக்கணப் பிழை இல்லாமல் எழுதியிருந்தார்கள். அவர்கள் சொன்னது நியாயம்தான், பொய் சொன்னவள் நான்தான். இருந்தும் அந்த வரியைப் படித்தபோது, என் வீட்டில் சடை பின்னிக்கொண்டு பள்ளிக்கூடம் போனவளை யாரோ கையைப் பிடித்து வெளியே விட்டதுபோல் சுருக்கென்றது.

அவளோ அந்த வீட்டிலும் வெளியேதான் நின்றிருந்தாள். துணி உலர்த்தும் சாக்கில் மொட்டை மாடிக்குப் போய் எனக்குப் போன் செய்வாள். "அத்தை எங்கிட்ட பேசவே மாட்டேங்கறாங்க அண்ணி. ஏதாவது வேணும்னா அவரக் கூப்ட்டு, 'அவளாண்ட சொல்லு'ங்கறாங்க. நான் எதிர்லயே நின்னுக்கினு இருக்கேன். திட்டிட்டாக்கூட பரவால்ல." அந்தம்மாவுக்குக் கோபம் வந்ததிலும் தப்பில்லை. இரவல் நகைக்காகக்கூட இல்லை, நான்கு வருஷம் நம்பவைத்து எச்சில் இலைவரை உட்காரவைத்துவிட்டோமே, அதற்கு. இரண்டு முறை போன் செய்து மன்னிப்புக் கேட்டேன். "பரவால்ல டீச்சரம்மா, வேல இருக்குது" என்று வைத்துவிட்டார்.

அப்படியே ஏழு வாரம் போனது. பிறகு மாப்பிள்ளையின் சித்தப்பா மகளுக்குக் கல்யாணம், விழுப்புரத்திலேயே ஒரு மண்டபத்தில். எனக்குப் போகவே கால் வரவில்லை. போகாமல் இருந்தால் அவளுக்கு இன்னும் சங்கடம் என்று கிளம்பினேன். கையில் மொய்க் கவர் தவிர ஒன்றுமில்லை, அப்படியும் விழுப்புரம் வரை பஸ்ஸில் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டே போனேன்.

பந்தியில் உட்கார்ந்தேன். எதிர் வரிசையின் கோடியில் நாத்தனார் வடை வாளியோடு பரிமாறிக்கொண்டிருந்தாள், கழுத்தில் தாலிக்கொடி மட்டும். எங்கள் வரிசையில் சாம்பாரை மேற்பார்வை பார்த்துக்கொண்டு வந்த மாமியார் என் இலைக்கு முன்னால் நின்றார். பக்கத்தில் இருந்தவர்கள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார்கள். கதை எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

"இன்சூரன்ஸ்காரன் இன்னா சொன்னான் டீச்சரம்மா?"

"தரமாட்டேன்னுட்டாங்க. நகை போட்டுக்கினு இருந்தவ எங்க வீட்டு ஆளு கெடையாதாம்."

அவர் திரும்பி, அந்தக் கோடியில் நின்றவளைப் பார்த்தார்.

"கரெக்டாத்தான சொல்லியிருக்கான்" என்றார், பந்தி முழுக்கக் கேட்கும்படி. "அவ எங்க வீட்டு ஆளு."

அதே குரலில், ஏழு வாரத்தில் முதல்முறையாக நேராகவே கூப்பிட்டார். "ஏம்மா, அங்க இன்னா பண்ணிக்கினு இருக்க? இங்க ஒங்க அண்ணி எலையில வடை இல்ல பாரு." நாத்தனார் வாளியோடு ஓடிவந்தாள்.